வடக்குக் கோவிலும் சீனப் பேரரசும்

நமது ஜூபிலி மலரில் சீன தேசத்துக்கு என்ன வேலை என்று பங்கு மக்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் நாம் இங்கே சொல்லப்போவதும் ஒரு கோவிலின் கதைதான். அந்தக் கோவில் இருப்பது பீக்கிங் நகரில். இன்று பெய்ஜிங் என்கிறார்கள். கோவிலின் பெயர் பெய்த்தாங். ‘வடக்குக் கோவில்’ என்பது அதன் பொருள். அது எழும்பிய விதத்தையும், பறிபோன விதத்தையும், இடம் பெயர்ந்த விதத்தையும், முற்றுகைக்குள் அகப்பட்ட விதத்தையும் அறிந்துகொண்டால், சீனப் பேரரசு தன் கடைசிக் காலத்தில் அயல்நாட்டு வல்லரசுகளிடம் பட்ட பாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடும். அந்தப் பாட்டில் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்து எழுதுவது நமக்கு நேர்மையாகப் படவில்லை.

அனுமதி கேட்டு வந்தவர்கள்

முத்துக்குளித்துறையின் ஞானத்தந்தையாம் புனித பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில் உயிர் நீத்தார் என்பது நம் ஞானோபதேசப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் ஏன் அந்தத் தீவில் காத்துக் கிடந்தார் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அரசின் அனுமதியின்றி அந்நியர் எவரும் சீன மண்ணில் கால் வைக்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். இரகசியமாகக் கரை சேர்ப்பதாகப் பேசி முடித்திருந்த சீன வியாபாரி வரவேயில்லை. சவேரியார் கண்ட சீனா தூரத்துக் கரை மட்டுமே.

அவர் இறந்த அதே 1552-இல், இரண்டு மாதங்களுக்கு முன், இத்தாலியில் மச்செராத்தா ஊரில் பிறந்தவர் மத்தேயு ரிச்சி. சேசு சபையில் சேர்ந்து, கோவாவுக்கு வந்து, 1580-இல் நமக்கு அருகிலுள்ள கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். 1583-இல் தென்சீனத்து அதிகாரிகளின் அனுமதியோடு அங்கே குடியேறினார். தலைநகராகிய பீக்கிங்கில் தங்க அவருக்கு இடம் கிடைத்தது 1601-இல்தான். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளும் அவர் செய்ததெல்லாம் மொழி படித்தது, நூல் படித்தது, அனுமதி கேட்டது, காத்திருந்தது. முதலில் புத்த பிக்குவைப் போல் உடுத்தினார். அறிஞருக்கே அங்கு மதிப்பு என்று கண்டு, 1595-இல் அறிஞர் அங்கிக்கு மாறினார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் காவி உடுத்தியதும் இதே வழிதான்.

சீனர் அந்நியரை எப்படி நோக்கினார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சீனச் சக்கரவர்த்தி ‘வானத்தின் மைந்தன்’. பிற நாட்டார் வந்தால் திறை கொண்டு வர வேண்டும். மூன்று முறை முழந்தாளிட்டு ஒன்பது முறை நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். வெளியுறவு அமைச்சகம் என்று ஒன்று அங்கே இல்லை. கொரியா, வியட்நாம் போன்ற நாடுகளின் தூதர்களை விசாரித்தது சடங்குகளைக் கவனிக்கும் அமைச்சகம். 1557 முதல் மக்காவில் குடியிருந்த போர்த்துக்கீசியரும் அந்த நிலத்துக்கு ஆண்டுதோறும் வாடகை கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நாட்டுக்கு நாடு சமம் என்ற எண்ணம் அவர்களுக்குப் புதிது. ‘நாங்களே பெரியவர்கள்’ என்ற எண்ணம் ஐரோப்பியருக்கும் இல்லாமல் இல்லை. அது வேறு விஷயம்.

ரிச்சி சக்கரவர்த்திக்குக் கொடுத்த காணிக்கைகளில் மணியடிக்கும் கடிகாரங்களும் இருந்தன. சக்கரவர்த்தியின் முகத்தை ரிச்சி ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் கடிகாரத்தைப் பழுது பார்க்க ஆள் வேண்டுமே! அந்தச் சாக்கில் சேசு சபையார் அரண்மனை வாசலைத் தாண்டினார்கள். 1610-இல் ரிச்சி இறந்தபோது, அவரை அடக்கம் செய்ய நகரத்துக்கு வெளியே நிலம் கொடுத்தது சக்கரவர்த்தியின் அரசாங்கமே. இந்தக் கல்லறையை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். மறுபடியும் அங்கே வருவோம்.

காய்ச்சலுக்கு மருந்து, கோவிலுக்கு நிலம்

மிங் வம்சம் 1644-இல் வீழ்ந்து மஞ்சு வம்சம் வந்தது. ஜெர்மானியரான ஆதாம் ஷால் அடிகளார் மஞ்சு அரசிலும் வான்கணிதத் துறையின் தலைவராக இருந்தார். 1665-இல் பகைவர் சொல் கேட்டு அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதை நீக்கினர். அயல்நாட்டுக் குருக்களைக் கூட்டமாகக் கான்டன் நகருக்கு அனுப்பிக் காவலில் வைத்தனர். அந்த ஆண்டுகளில் மாகாணம் மாகாணமாக நடந்து விசுவாசிகளைக் காத்தவர் சாமிநாதர் சபையைச் சேர்ந்த கிரகோரியார் லோ என்னும் சீனக் குரு ஒருவரே. 1685-இல் இவர் ஆயராக அபிஷேகம் பெற்றார். சீனர்களில் முதல் ஆயர் இவர்.

காங்ஷி சக்கரவர்த்தி இளைஞராக இருக்கும்போதே அறிவுத் தாகம் மிக்கவர். வெர்பியஸ்ட் என்னும் பெல்ஜியக் குரு, நண்பகல் நிழலின் நீளத்தை முன்கூட்டியே கணித்துக் காட்டி, பழைய கணிதரின் பிழையைச் சக்கரவர்த்திக்கு மெய்ப்பித்தார். அதிலிருந்து சேசு சபையாருக்கு மீண்டும் நல்ல காலம். 1689-இல் ரஷ்யாவோடு எல்லைத் தகராறு எழுந்தபோது, நெர்ச்சின்ஸ்க் என்னுமிடத்தில் நடந்த பேச்சுவார்த்தைக்குச் சீனத் தூதர்களுடன் மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர்கள் பெரைரா, ஜெர்பியோன் என்ற இரு சேசு சபைக் குருக்கள். ஐரோப்பிய அரசொன்றோடு சீனா செய்த முதல் உடன்படிக்கை அது. அதன் அதிகாரபூர்வமான பிரதி நம் பழைய பூசைப் புத்தகத்தின் மொழியாகிய இலத்தீனில் இருந்தது. அந்த உடன்படிக்கையில் இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். 1692-இல் கிறிஸ்தவ வேதத்தை அனுசரிக்கத் தடையில்லை என்று காங்ஷி ஆணையிட்டார்.

அடுத்த ஆண்டு அவருக்கு முறைக்காய்ச்சல் கண்டது. பிரெஞ்சு சேசு சபையார் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து செய்த மருந்தைக் கொடுத்தார்கள். பெருமக்கள் சிலர் முதலில் குடித்துக் காட்டிய பிறகே சக்கரவர்த்தி குடித்தார். காய்ச்சல் தணிந்தது. நன்றியாக அரண்மனை மதிலுக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு வீடும் நிலமும் கொடுத்தார். அங்கே எழுந்து 1703-இல் திறக்கப்பட்டதுதான் வடக்குக் கோவில். அந்நாளில் சீனாவில் சுமார் 2 லட்சம் கத்தோலிக்கர் இருந்தனர் என்று கணக்கிடுகிறார்கள்.

புதுச்சேரியில் இறங்கிய தூதர்

அந்தக் கோவில் திறக்கப்பட்ட அதே ஆண்டு நவம்பரில், பாப்பரசர் 11-ஆம் கிளமெந்துவின் தூதராகச் சீனா செல்லும் வழியில் புதுச்சேரியில் வந்து இறங்கினார் மேயார் தெ தூர்னோன் ஆண்டகை. வயது 35 நிரம்பவில்லை. கையில் பெரிய அதிகாரம், உடம்பிலோ நோய். எட்டு மாதம் புதுச்சேரியில் தங்கினார். பெரும்பாலும் படுக்கையில். மதுரை மிஷனின் உட்பகுதிகளுக்குப் போய்ப் பார்க்கவில்லை. 1704 ஜூன் 23-ஆம் தேதியிட்டு ‘மலபார் சடங்குகள்’ பற்றிய தீர்ப்பை எழுதிவிட்டுக் கப்பலேறினார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாகாது. சிலுவையோ மாதா உருவமோ இருக்கட்டும் என்றது அந்தத் தீர்ப்பு. தாழ்த்தப்பட்டோர் நோயுற்றால் குருவானவர் அவர்கள் வீட்டுக்கே சென்று தேவதிரவிய அனுமானங்கள் கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இந்தப் பின்னதைப் படிக்கும்போது அவர்மேல் நமக்கு மரியாதை பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓரியூரில் அருளானந்தர் இரத்தம் சிந்திப் பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில், நாட்டு வழக்கங்கள் பலவற்றை நேரில் பாராமல் ஒரே அடியாக விலக்கியது மிஷனைக் கலக்கியது என்பதும் உண்மை.

சீனாவில் தகராறு வேறு விதம். இறந்த முன்னோரின் பெயர்ப்பலகைக்கு முன் ஊதுவத்தி ஏற்றி வணங்குவதும், கன்பூசியஸ் என்னும் ஞானியை வணங்குவதும் விக்கிரக ஆராதனையா, குடும்ப மரியாதையா? ரிச்சி மரியாதை என்றார். பின்னால் வந்த சாமிநாதர் சபையார், பிரான்சிஸ்கன் சபையார் பலர் ஆராதனை என்றார்கள். உரோமாபுரி 1645-இல் ஒரு பக்கமும், 1656-இல் மறு பக்கமும் சாய்ந்து பதில் சொல்லியிருந்தது. 1700-இல் சேசு சபையார் சக்கரவர்த்தியிடமே கேட்டார்கள்; அது மரியாதைதான் என்று காங்ஷி எழுத்தில் சொன்னார். உரோமை அதை ஏற்கவில்லை. வேதக் கேள்விக்கு அஞ்ஞான அரசன் தீர்ப்புச் சொல்வதா என்பது அவர்கள் கேள்வி. என் நாட்டு வழக்கத்துக்குப் பொருள் சொல்ல எங்கிருந்தோ வந்தவர் யார் என்பது சக்கரவர்த்தியின் கேள்வி. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் இந்த வழக்கின் துயரம்.

1705 டிசம்பரில் தூர்னோன் பீக்கிங் சேர்ந்தார். காங்ஷி அன்போடுதான் வரவேற்றார். நோயாளியென்று கண்டு மருத்துவ உதவியும் செய்தார். பேச்சு வளர வளரக் கசந்தது. சடங்குகளை எதிர்த்த பாரீஸ் வேதபோதக சபையின் மெய்க்ரோ ஆண்டகையை 1706 ஆகஸ்டில் வரவழைத்து, சிம்மாசனத்துக்கு மேலே எழுதியிருந்த நான்கு எழுத்துகளை வாசிக்கச் சொன்னார் சக்கரவர்த்தி. அவரால் ஒன்றைத்தான் வாசிக்க முடிந்தது. எழுத்து தெரியாதவர் எங்கள் நூல்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறாரா என்று சினந்து அவரை நாடு கடத்தினார். ரிச்சியின் வழியில் நடப்பதாக ஒப்புக்கொண்டு சீட்டு வாங்கும் குருக்களே இனித் தங்கலாம் என்று விதித்தார். தூர்னோன் மறுத்து ஆணை வெளியிட்டார். மக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரைக் காவலில் வைத்தவர்கள் யார் தெரியுமா? போர்த்துக்கீசியக் கத்தோலிக்கர்! கீழ்த்திசை மிஷன்கள்மேல் தங்கள் அரசனுக்கே உரிமை என்று அவர்கள் வாதாடினார்கள். கர்தினால் பட்டம் வந்து சேர்ந்தும் விடுதலை கிடைக்காமல் 1710-இல் மக்காவிலேயே மாண்டார்.

1715-இல் பாப்பரசர் மறுபடியும் தடையை உறுதி செய்தார். காங்ஷியின் மகன் 1724-இல் கிறிஸ்தவ வேதத்தை நாடெங்கும் தடை செய்தார். அரண்மனைக்கு வேண்டிய கணிதரும் ஓவியரும் மட்டும் பீக்கிங்கில் தங்கினர். சீனாவுக்கு 1742-இலும் நமக்கு 1744-இலும் 14-ஆம் ஆசீர்வாதப்பர் இறுதி முத்திரை வைத்தார். சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின் வின்சென்ட் தெ பவுல் சபையார் வடக்குக் கோவிலை ஏற்றனர். 1827-இல் அரசு அதைப் பறிமுதல் செய்தது. கோவில் இடிந்தது. குருக்கள் மறைந்து திரிந்தனர். ஊர்ப்புறத்து ஏழை விசுவாசிகள் உபதேசியார்களையும் கன்னிப்பெண்களையும் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செபத்தைக் காத்து வந்தனர்.

அபினியும் பீரங்கியும்

இதற்கிடையே வியாபாரம் வேறு கதவைத் தட்டியது. 1757 முதல் ஐரோப்பிய வியாபாரத்துக்குக் கான்டன் ஒன்றே திறந்திருந்தது. 1793-இல் மெக்கார்ட்னி பிரபு இங்கிலாந்தின் தூதராகச் சென்றார். அவருக்கு மொழிபெயர்த்தவர்கள், நேப்பிள்ஸ் நகரில் சீன மாணவருக்கென்று இருந்த குருமடத்தில் படித்த சீனக் குருக்கள். ஆங்கிலம் தெரியாது, இலத்தீனில் பேசினார்கள். ஒருவர் அஞ்சி மக்காவிலேயே விலகிவிட, ஜேக்கப் லி என்பவர் ஆங்கிலேயச் சீருடையில் இறுதிவரை சென்றார். ‘லி’ என்றால் பிளம் பழம். ஆகவே அவரை ‘மிஸ்டர் பிளம்’ என்றே அழைத்தனர். தூதர் நெற்றி நிலத்தில் பட வணங்க மறுத்தார். ஒரு முழங்காலை மட்டும் மடக்கினார். கேட்டது ஒன்றும் கிடைக்கவில்லை.

தேயிலைக்கு ஈடாக ஆங்கிலேயரிடம் வெள்ளிதான் இருந்தது. வெள்ளிக்குப் பதில் அவர்கள் கண்டுபிடித்த சரக்கு அபினி. நம் இந்திய மண்ணில் விளைந்தது, கல்கத்தாவில் ஏலம் போனது. 1839-இல் லின் ட்ஸே-ஷு என்னும் நேர்மையான அதிகாரி 20,000-க்கு மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறித்து, சுண்ணாம்பும் உப்பும் கலந்து கடலில் கரைத்தார். அதற்காக வந்த யுத்தத்தில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் அனுப்பப்பட்டனர். 1841 மே மாதக் கடைசியில், கான்டனுக்கு வெளியே சான்யுவான்லி கிராமத்தருகே, 37-ஆவது சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவு பெருமழையில் வழி தவறிற்று. மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. ஈட்டியும் மண்வெட்டியும் ஏந்திய சீனக் குடியானவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேறு படை வந்துதான் மீட்டது. யாரோ விற்ற அபினிக்காக நம் மாகாணத்து ஏழையும் அந்த நாட்டு ஏழையும் சேற்றில் நின்று மோதிய காட்சி அது.

1842 நான்கிங் உடன்படிக்கையால் ஹாங்காங் போயிற்று. ஐந்து துறைமுகங்கள் திறந்தன. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் நஷ்டஈடு. 1844-இல் பிரான்ஸ் தன் பங்குக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. வியாபாரம் அதிகமில்லாத பிரான்சுக்குச் சீனாவில் கைப்பிடி வேண்டியிருந்தது. அது தேர்ந்துகொண்ட கைப்பிடி கத்தோலிக்க மிஷன். 1856-இல் குவாங்சி மாகாணத்தின் உட்பகுதியில் ஷாப்தலேன் என்ற பிரெஞ்சுக் குரு கொல்லப்பட்டார். உடன்படிக்கைப்படி அவர் அங்கே போக உரிமையில்லை. ஆன்மாக்களைத் தேடிப் போனார். அவரோடு ஆக்னேஸ் என்ற விதவையும் இலாரன்ஸ் என்ற தொழிலாளியும் வேதசாட்சிகளாயினர். அவர் இரத்தத்தைச் சாக்காக வைத்துப் பிரான்ஸ் இங்கிலாந்தோடு சேர்ந்து படையெடுத்தது. 1860 அக்டோபரில் சக்கரவர்த்தியின் கோடை அரண்மனை கொள்ளைபோய் எரிந்தது. அந்தப் புகை அடங்குமுன் கையெழுத்தான உடன்படிக்கையே வேதபோதகருக்கு நாடு முழுவதையும் திறந்து வைத்தது.

அதில் ஒரு சங்கதி. குருக்கள் எல்லா மாகாணத்திலும் நிலம் வாங்கிக் கட்டடம் கட்டலாம் என்ற வரி சீன மொழிப் பிரதியில் இருக்கிறது. பிரெஞ்சுப் பிரதியில் இல்லை. மொழிபெயர்ப்பாளராய் இருந்த தெலமார் என்னும் குருவே அதை நுழைத்தார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. நற்செய்தியின் பெயரால் ஒரு வரியைத் திருட்டுத்தனமாகச் சேர்ப்பதா? அனுமதிக்காகப் பதினெட்டு ஆண்டு காத்த ரிச்சியை நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

வடக்குக் கோவிலின் நிலம் திரும்பக் கிடைத்தது. புதிய கோவில் எழும்பிற்று, கோபுரங்கள் உயர்ந்தன. அங்கிருந்து பார்த்தால் அரண்மனைத் தோட்டம் தெரியும் என்று அரசவை மனம் புழுங்கியது. முன்பு நன்றிக்குக் கொடுத்த இடம்தான். இப்போது தோல்வியின் அடையாளமாக அவர்கள் கண்ணில் நின்றது.

ஊர்களிலும் அப்படியே. விசுவாசிக்கு வழக்கு வந்தால் குருவானவர் தாசில்தார் போன்ற அதிகாரியிடம் போவார். அவருக்குப் பின்னால் பிரெஞ்சுத் தூதர் இருக்கிறார் என்று அதிகாரி அஞ்சுவார். நீதி கிடைத்தவர் உண்டு. வழக்கில் வெல்லவே வேதத்தில் சேர்ந்தவரும் உண்டு. ஊர்க் கோவில் திருவிழாவுக்கும் கூத்துக்கும் கிறிஸ்தவர்கள் வரி கொடுக்க வேண்டாம் என்று 1862-இல் அரசாணை வந்தது. மனசாட்சிக்கு அது சரி. ஆனால் மழை பொய்த்த ஆண்டில், வரி கொடாத வீட்டாரால்தான் மழை வரவில்லை என்று அயலார் சொன்னால் என்ன ஆகும்? கிராமத்தில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1870-இல் தியென்சின் நகரில் அது வெடித்தது. அங்கே வின்சென்ட் தெ பவுல் சபைக் கன்னியர் அநாதை இல்லம் நடத்தினர். சாகும் தறுவாயில் இருந்த குழந்தைகளையும் ஏற்று ஞானஸ்நானம் கொடுத்தனர். ஆகவே சாவு அதிகம். கண்ணைத் தோண்டி மருந்து செய்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. ஜூன் 21-ஆம் நாள் பிரெஞ்சுக் கான்சல் ஃபோன்தனியே ஆத்திரத்தில் சீன அதிகாரியை நோக்கிச் சுட்டார். அதிகாரியின் வேலையாள் மாண்டான். கூட்டம் கான்சலைக் கொன்றது, கோவிலை எரித்தது, பத்துக் கன்னியரையும், சீன விசுவாசிகள் பலரையும் கொன்றது. விசாரித்த செங் குவோஃபான் என்ற பெரிய அதிகாரி, கன்னியர்மேல் சொன்ன பழி பொய் என்று எழுதினார். அதற்காகச் சொந்த நாட்டார் அவரையே துரோகி என்று தூற்றினர். துப்பாக்கி எடுத்த கான்சலின் பிழைக்கு, குழந்தைக்குப் பால் ஊற்றிய கன்னியர் உயிரைக் கொடுத்தார்கள்.

வராத தூதர்

இந்தக் கட்டைத் தளர்த்த ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 1885-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் சீனச் சக்கரவர்த்திக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். சீன அமைச்சர் லி ஹுங்-சாங் ஜார்ஜ் டன் என்ற ஆங்கிலக் கத்தோலிக்கரை உரோமைக்கு அனுப்பினார். அவர் கொண்டுபோன வேலைகள் இரண்டு: வடக்குக் கோவிலை வேறிடத்துக்கு மாற்ற இசைவு கேட்பது, பாப்பரசரின் தூதர் ஒருவர் பீக்கிங்கில் வந்து தங்கக் கேட்பது. பாப்பரசருக்குப் படையில்லை, பீரங்கியில்லை. அவரோடு பேசுவதே நல்லது என்று சீனா கண்டுகொண்டது. பாப்பரசரும் இசைந்து அலியார்தி ஆண்டகையை நியமித்தார். இவர் நமக்குப் புதியவரல்ல. 1884-இல் இந்தியாவுக்குப் பாப்பரசரின் பிரதிநிதியாக வந்து, நம் மறைமாவட்ட அமைப்புக்கு வழி வகுத்தவர் இவரே.

பிரான்ஸ் சீறியது. தூதரைத் திரும்ப அழைப்போம், பிரான்சில் திருச்சபைக்கு அரசு தரும் பணத்தை நிறுத்துவோம் என்று மிரட்டியது. 1880-இல் தன் நாட்டில் சேசு சபையாரை வீட்டைவிட்டு வெளியேற்றிய அரசு, சீனாவில் அவர்களுக்குக் காவலன் நானே என்று அடம் பிடித்தது. 1886 செப்டம்பரில் பாப்பரசர் தம் தூதரை நிறுத்திவைத்தார். அந்தச் செப்டம்பர் முதல் தேதியில்தான் இந்தியாவில் திருச்சபையின் ஆட்சியமைப்பு நிறுவப்பட்டு, புதுச்சேரி உயர்மறைமாவட்டமாயிற்று. நமக்குக் கிடைத்தது சீனருக்குக் கிடைக்கவில்லை.

கோவில் மட்டும் இடம் மாறியது. அரசு கொடுத்த பணத்திலும் நிலத்திலும் 1888-இல் ஷிஷிக்கு என்னுமிடத்தில் புதிய வடக்குக் கோவில் எழுந்தது. பாண்டா கரடியை மேல்நாட்டுக்கு அறிவித்த தாவீது அடிகளார் பழைய கோவிலில் சேர்த்து வைத்திருந்த பறவை, விலங்குக் காட்சிசாலையும் அரண்மனைக்குப் போயிற்று. மிரட்டலின்றிப் பேசித் தீர்த்த காரியம் இது ஒன்று.

1900

1897 நவம்பர் முதல் நாள் இரவு, ஷான்டுங் மாகாணத்தில் ஹென்லே, நீஸ் என்ற இரு ஜெர்மானியக் குருக்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் ஜெர்மன் கப்பற்படை கியாவ்ச்சவ் வளைகுடாவைப் பிடித்து, 99 ஆண்டு குத்தகை எழுதி வாங்கியது. அதைப் பார்த்து ரஷ்யா, இங்கிலாந்து, பிரான்ஸ் ஒவ்வொன்றும் ஒரு துண்டு கேட்டன. 1899-இல் ஆயர்களுக்கு மாகாண ஆளுநருக்குச் சமமான பதவி மரியாதை வழங்கி அரசாணை பிறந்தது. அன்று அது வெற்றியாகத் தெரிந்தது.

மழையில்லாத அந்த ஷான்டுங் வயல்களிலிருந்து பாக்ஸர்கள் எழுந்தார்கள். தங்கள் உடலில் குண்டு பாயாது என்று நம்பிய இளைஞர்கள். 1900 ஜூனில் பீக்கிங்கின் தெற்குக் கோவிலும் கிழக்குக் கோவிலும் எரிந்தன. ரிச்சியின் கல்லறை உடைக்கப்பட்டு எலும்புகள் சிதறின. வடக்குக் கோவிலுக்குள் ஃபவியே ஆண்டகையும், 3,000-க்கு மேற்பட்ட சீன விசுவாசிகளும், அநாதைக் குழந்தைகளும் அடைபட்டனர். காவலுக்குப் பிரெஞ்சு, இத்தாலியக் கடற்படையினர் நாற்பது சொச்சம் பேர். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் 16 வரை இரண்டு மாதம். அரிசி குறைந்து, இலையும் வேரும் தின்றனர். ஆகஸ்ட் 12-இல் சுரங்கம் தோண்டி வைத்த வெடி, குழந்தைகள் பலரை மண்ணில் புதைத்தது. இறந்தோர் சுமார் 400, பெரும்பாலோர் சீனர்.

மதிலும் மாலுமியும் இல்லாத கிராமங்களில் நடந்தது இதைவிடப் பெரிது. சூஜியாஹே என்ற ஊரில் ஜூலை 20-ஆம் நாள் கோவிலுக்குள் கூடியிருந்த மக்களைச் சுட்டும் எரித்தும் கொன்றனர். பீடத்தருகே இருந்த மாஞ்சேன் அடிகளாருக்கு முன்னால் மரியாள் சூ என்ற பெண் கைகளை விரித்து நின்று குண்டை ஏற்றார். வேதத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னால் உயிர் பிழைக்கலாம். அவரைப் போன்றவர்கள் சொல்லவில்லை. வடசீனாவில் அந்த ஆண்டு இறந்த கத்தோலிக்கர் சுமார் 30,000 என்பர். உடன்படிக்கைகளில் இவர்கள் பெயரால் பல உரிமைகள் எழுதப்பட்டிருந்தன. எழுதியவர்களின் கப்பல்கள் இவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. ‘அந்நியன் வேதக்காரன்’ என்ற பழியைச் சுமந்து செத்தவர்கள் பாரீசையும் பெர்லினையும் கண்டறியாத உழவர்கள்.

எட்டு நாட்டுப் படை பீக்கிங்கைச் சூறையாடியது. 1901 உடன்படிக்கையில் 45 கோடி தேல் வெள்ளி தண்டம், 39 ஆண்டுத் தவணை. பத்து ஆண்டில் பேரரசே முடிந்தது.

பிறகு

1919-இல் பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர், வேதபோதகர் தம் நாட்டின் நலனுக்கு உழைக்கலாகாது. அந்தந்த நாட்டுக் குருக்களையே தலைமைக்கு உயர்த்த வேண்டும் என்று திருத்தூது மடல் விடுத்தார். 1922-இல் கொஸ்தந்தீனி ஆண்டகை பாப்பரசரின் பிரதிநிதியாகச் சீனா சேர்ந்தார். 1926 அக்டோபர் 28-இல் உரோமையில் 11-ஆம் பத்திநாதர் ஆறு சீனக் குருக்களுக்குத் தம் கையாலேயே ஆயர் அபிஷேகம் செய்தார். கிரகோரியார் லோ அபிஷேகம் பெற்ற 1685-க்குப் பிறகு 241 ஆண்டுகள்! நம் தூத்துக்குடியில் ரோச் ஆண்டகை ஆயரானது இதற்கு மூன்றாண்டு முந்தி, 1923-இல். 1939 டிசம்பர் 8-இல் முன்னோர் வணக்கம் பற்றிய தடை தளர்ந்தது. மலபார் சடங்குகளுக்கு எதிராக நம் நாட்டுக் குருக்கள் எடுத்துவந்த பிரமாணம் 1940-இல் நீங்கிற்று. காங்ஷி சொன்ன விளக்கத்தை உரோமை ஏற்க 239 ஆண்டுகள் ஆயின. மரியாள் சூ உட்பட 120 வேதசாட்சிகளை 2000 அக்டோபர் முதல் நாள் 2-ஆம் அருள் சின்னப்பர் புனிதராக உயர்த்தியபோது, சீன அரசு அவர்களில் சிலரை வல்லரசுகளின் கையாட்கள் என்று கண்டித்தது. பழைய புண் ஆறவில்லை.

வடக்குக் கோவில் 1958-இல் மூடப்பட்டு, பள்ளிக்கூடமாகச் சில காலம் இருந்து, 1985-இல் மீண்டும் பூசைக்குத் திறந்தது. இன்றும் அங்கே பூசை நடக்கிறது. நடுவில் ஐரோப்பிய மாதிரியில் கூர்ங்கோபுரங்கள். முன்னால் இருபுறமும் மஞ்சள் ஓடு வேய்ந்த இரண்டு சீன மண்டபங்கள். அவற்றுக்குள் நிற்கும் கல்வெட்டுகளில், கோவிலை இவ்விடத்தில் கட்டிக்கொள்ளச் சக்கரவர்த்தி கொடுத்த அனுமதி பொறித்திருக்கிறது.